மூட்டைக்கு ஜுரம் பார்த்தவர்

அடுக்கி வைத்த மொச்சை மூட்டைகளிலிருந்து காலையில் ஆவி கிளம்புவதைப் பார்த்து, 'அடடா, எவ்வளவு அழகாகக் காய்கிறது' என்று பூரித்துப்போன மனிதன் இந்தத் தங்கவயல் முழுக்க நான் ஒருவன்தான் இருப்பேன். பூரித்ததோடு விட்டேனா? ஓடிப்போய் மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு பார்த்தார். கற்பூர ஆரத்தி பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

ரயில் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன சமயம் அது. கரண்டு கிடையாது, எல்லாம் பாய்லர்தான். வடார்க்காட்டிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்து நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை வாங்கிய ஒரு மேஸ்திரியிடம் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆள் எத்தனை, ஏறுகிற ஆள் எத்தனை என்று எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ராகியும் மொச்சையும் அளந்து கொடுக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். மேஸ்திரி சிடுசிடுத்தால் நான் ஏதாவது வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். மூன்றாவது வேலைக்குத்தான் என்னை வைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மேஸ்திரியின் கிடங்கில் தானியத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். குடியாத்தம் பக்கம் என்று பேச்சு. அப்போதெல்லாம் நான் 'அவள்' என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. மரியாதை ரொம்ப தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் தெரியாது. நான்கு வருஷம் ஒரே கிடங்கில் இருந்தும் கேட்கவில்லை. கூலி ஆட்கள் குடியிருந்த லைனில் எல்லோருக்கும் 'கடிக்கிற அம்மா'.

காரணம் இதுதான். வண்டியில் மொச்சை வந்து இறங்கினால் அந்தம்மா நடு மூட்டையாகப் பார்த்து அவிழ்ப்பார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ஜுரம் பார்க்கிறேன் என்பார். பிறகு அடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று இரண்டாக உடைந்தால் சரி. பல் பதிந்து அழுந்தினால் தொலைந்தது. கோபம் சிலருக்கு மூக்கில் வரும், சிலருக்குக் கண்ணில் வரும். அவருக்குப் பல்லில் வரும்.

நம் பக்கத்து மொச்சைக்கு மார்கழி, தை மாதப் பனிதான் உயிர். அறுப்பும் அதே பனியில்தான். வெயிலேறினால் காய் வெடித்துக் கொட்டைகள் சிதறுமென்று குடியானவர்கள் விடியற்காலையிலேயே செடியைப் பிடுங்கி அடித்து, ஈரம் போவதற்குள் மூட்டை கட்டி, வண்டியைப் பூட்டிவிடுவார்கள். ஈரமாக இருந்தால் கொட்டை உப்பி இருக்கும், படியில் சீக்கிரம் நிறையும். அது அவர்களுக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

ஒருநாள் பேதமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் இப்படி வந்தார். தெலுங்கு பேசுகிறவர், பெரிய தலைப்பாகை. அந்தம்மா கடித்தார், துப்பினார்.

"பச்சையா கீது. திருப்பிக்கினு போ."

"மூணு நாள் காஞ்சது அம்மாயி. நீ பல்லு மேல நம்பிக்கை வெச்சிக்கினு பேசற."

அந்தம்மா உள்ளே போனார். துரை பங்களாக் குப்பையிலிருந்து எடுத்த சாராய பாட்டில் ஒன்று வைத்திருந்தார். சட்டியில் வறுத்து மணல் மாதிரி ஆக்கிய உப்பு ஒரு கைப்பிடி, அந்த மொச்சை இரண்டு கைப்பிடி. இரண்டையும் பாட்டிலில் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, அப்படியே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டிலைத் திருப்பினால், கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க உப்பு அப்பிக்கொண்டிருந்தது. காய்ந்த பயிறாயிருந்தால் உப்பு ஒட்டாமல் கீழே விழுந்திருக்க வேண்டும்.

பாட்டிலைத் தலைப்பாகைக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இன்னா இது? பயிறு கொண்டாந்தியா, கெணத்தையே கட்டிக்கினு வந்தியா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் வண்டியைத் திருப்பினார். "சூரியன் ரெண்டு ஆளு ஒசரம் ஏறாம இனிமே இந்த கேட்டாண்ட வராத" என்று அந்தம்மா வண்டிக்குப் பின்னாலேயே போய்க் கத்தினார். வண்டி திரும்பி மறைந்த பிறகும் ஒரு நாழிகை கத்திக்கொண்டே இருந்தார்.

அந்தம்மாவுக்கு ஆள் பார்த்துக் கோபப்படும் வழக்கமே கிடையாது. அறுப்பின் பண்டிகைக்கு வேதக்கோயிலில் வந்த காணிக்கை மொச்சையை விற்க உபதேசியார் நான்கு மூட்டை கொண்டுவந்தார். அதையும் கடித்தார்.

"ஐயா, இது காயல."

"சபையார் ஆண்டவருக்குக் கொடுத்ததம்மா இது" என்றார் உபதேசியார்.

"அவருக்குக் குடுத்தது அவர் கிட்டயே மூணு நாளு கெடக்கட்டும். கோயில் முன்னாடி நல்ல வெயிலு அடிக்குது. காயவெச்சி எடுத்தாங்க. சாயங்காலம் சூடு ஆறாம மூட்டை கட்டிடாதீங்க, உள்ளார வேர்த்துடும்."

உபதேசியார் நல்ல மனிதர். சொன்னபடி செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் மொச்சையைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள்.

கிடங்குக்குள்ளும் அந்தம்மா வைத்ததுதான் சட்டம். மூட்டை தரையில் படக்கூடாது. சுரங்கத்தில் மிஞ்சிய மரத்துண்டுகளைப் பரப்பி அதன்மேல் அடுக்க வேண்டும். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க இடம் விட வேண்டும். அந்த இடத்தில் தினமும் காலையில் அவர் நுழைந்து, ஒவ்வொரு மூட்டையாகக் கைவைத்துக்கொண்டு போவார். ஒருநாள் நான் கிண்டலாகக் கேட்டேன்.

"ஏம்மா, மொச்சைதானே. அதுக்கா இவ்வளவு கோவம்?"

அவர் கையை எடுக்கவில்லை. "எங்க அண்ணன் ஊசிப்போன பயிறத் துன்னுட்டு எறங்கினான். ரெண்டாவது லெவல் ஏணியில வயித்தப் பெரட்டி மயக்கம் வந்துச்சி. மேல இருக்கறவன் மயக்கம் போட்டா தண்ணி தெளிச்சி எழுப்பிடலாம். ஏணியில இருக்கறவன?"

கேட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். எனக்கு வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் போன நாள் என் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு.

அந்த வருஷம் தை கடைசியில் அறுப்பு மொத்தமாக வந்து குவிந்தது. கூடவே பருவம் தப்பிய மேகம். மூன்று நாள் வெயில் வேண்டும் என்று அந்தம்மா நின்றார். பழைய கிடங்கில் இடமில்லை. மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பாய்லர் வீட்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. ராப்பகலாக நெருப்பு எரிகிற சுவர், தொட்டால் கதகதப்பாக இருக்கும். குளிர்காலத்தில் லைன் நாய்களெல்லாம் அங்கேதான் படுத்திருக்கும்.

"சூரியனுக்காக ஏன் காத்திருக்கணும்?" என்றேன் மேஸ்திரியிடம். "நம்ம கிட்டதான் ராத்திரியும் மறையாத சூரியன் இருக்கே. செவுத்தோட ஒட்டி அடுக்கிட்டா தானா காஞ்சிடும்."

மேஸ்திரி முதுகில் தட்டினார். அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரே, சூடு தண்ணியத் துன்னுடுமா? இந்தாண்டேர்ந்து அந்தாண்ட தள்ளும், அவ்ளோதான். செவுத்தாண்ட இருக்கறது காயும். அந்தாண்ட தகரத்துப் பக்கம் இருக்கறது இன்னா ஆவும்? விடிகாலையில அந்தத் தகரமே வேர்த்துச் சொட்டுதே, பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. காலையில் சீக்கிரம் எழுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"உனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாதும்மா. இது இஞ்சின் விஷயம்" என்றேன். இஞ்சின் விஷயம் எனக்கும் தெரியாது. கொட்டகை நிறைய, மரத்துண்டு இல்லாமல், சுவர் இடைவெளி இல்லாமல், வந்த ஈரத்தோடு மூட்டைகளை அடுக்கினோம். ஐந்தாம் நாள் காலையில்தான் நான் அந்த ஆவியைப் பார்த்துப் பூரித்தது.

நானும் மேஸ்திரியும் ஆரத்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா வந்தார். மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டவர், சுட்டது போல வெளியே இழுத்துக்கொண்டார்.

"கொதிக்குது. எல்லாத்தையும் எறக்கு. பிரிச்சிக் கொட்டு. இன்னிக்கே கொட்டினா பாதி தேறும்."

"எறக்கிப் போட எடம் எங்க கீது? ஆளு எங்க கீது?" என்றார் மேஸ்திரி. "ரைட்டரே, நீ இன்னா சொல்ற?"

"காயும்போது சூடாத்தானே இருக்கும்" என்றேன் நான்.

பத்து நாள் கழித்துப் பிரித்தோம். சுவரோரம் இருந்தது நன்றாகக் காய்ந்திருந்தது. நடுவில் இருந்தது செங்கல் மாதிரி கட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் பூசணம். தகரத்துப் பக்கம் முளையே விட்டிருந்தது. அந்த வாடை இப்போதும் மழைநாளில் எனக்கு எங்கிருந்தோ வரும். அந்தம்மா பூசணம் பிடித்த கட்டி ஒன்றை எடுத்து, என் மேஜைமேல், எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கெட்ட மொச்சையை மேஸ்திரி கொட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கொட்டவில்லை. கட்டியை உதிர்த்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டு, விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். எண்ணெய் பட்டதும் மொச்சை புதுசு மாதிரி மின்னியது. அதை நல்ல மொச்சையோடு கலந்து சனிக்கிழமை அளக்க ஏற்பாடு. எண்ணெய் தடவ அந்தம்மாவைக் கூப்பிட்டார்.

"என் கை படாது" என்றார் அந்தம்மா.

"அப்ப வேற கை இருக்குது" என்றார் மேஸ்திரி. லைனிலிருந்து நான்கு பெண்களைக் கூட்டிவந்து தடவ வைத்தார். அவர்கள் தலையைத் தூக்காமல் தடவினார்கள்.

சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வந்தார்கள். முகமெல்லாம் கல்தூசி, கையில் பை. பாய் விரித்து மொச்சையைக் குவித்திருந்தது. படியோடு ஒரு ஆள், பக்கத்தில் மேஸ்திரி, அவர் பக்கத்தில் நான். அந்தம்மா வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாங்காதீங்கப்பா. பூசணம் புடிச்ச பயிறு. எண்ண தடவி வெச்சிக் கீறாங்க. துன்னுட்டு எறங்காதீங்க."

வரிசை அசைந்தது. கோரமண்டல் லைனிலிருந்து வேலைக்கு வரும் நெட்டையான சம்மட்டி ஆள் ஒருவர், முதல் ஆளாக நின்றவர், பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பேரும் தயங்கினார்கள். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை எதற்கு வைத்திருந்தாரோ அந்த வேலை வந்துவிட்டது.

அந்தம்மா அதற்குள் ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கடிச்சிட்டுச் சொல்லு ரைட்டரே. கடிச்சிட்டு."

நான் கடிக்கவில்லை. என் மேஜைமேல் இருந்த கட்டி எனக்கு ஞாபகம் இருந்தது. கொட்டையை விரல் நுனியில் பிடித்து வரிசைக்குக் காட்டினேன்.

"பயிறுல ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "வருஷக்கணக்கா கண்ட பயிறையும் கடிச்சிக் கடிச்சி இந்தம்மா வாய்தான் ஊசிப்போச்சி. அந்த வாடைதான் பயிறு மேல வீசுது."

வரிசை முழுக்கச் சிரித்தது. பன்னிரண்டு மணி நேரம் பூமிக்கடியில் இருந்துவிட்டு வந்த மனிதர்களுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். படி விழ ஆரம்பித்தது. நான் என் சாமர்த்தியத்தில் மூழ்கி, யார் வாங்கினார்கள் யார் வாங்கவில்லை என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்தம்மா சிரிப்பு அடங்கும்வரை நிற்கவில்லை. பாய்லர் வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் வழிந்து ஓடும் ஒரு குழாய் உண்டு. லைன் பெண்கள் துணி துவைக்கத் தண்ணீர் பிடிக்கிற இடம். அங்கே போனார். ஐந்தாறு பேர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், குடத்தோடு திரும்பி வந்தார். வரிசையைப் பிளந்துகொண்டு வந்து, கொதிக்கிற தண்ணீரை அப்படியே குவியல்மேல் கொட்டினார்.

நான்கு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தானியத்தைக் காத்த மனுஷி. ஒரு ஈரக்கை உள்ளே வந்தால் விரட்டி அடித்தவர். அவர் கையால்தான் அந்தக் குடம் கவிழ்ந்தது. எண்ணெய் மேலே மிதந்து வழிந்தது. வெந்நீர் பட்டதும் உள்ளே அடங்கியிருந்த நாற்றம் குப்பென்று கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"இப்ப என் வாயி நாறுதா, உன் பயிறு நாறுதா?" என்றார் என்னிடம். கத்தவில்லை. கோபத்தில் அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மேஸ்திரி அவர் கையிலிருந்த குடத்தை உதைத்தார். அதற்குள் இரண்டாவது குடம் வந்து கவிழ்ந்தது. அதைக் கொண்டுவந்தது எண்ணெய் தடவிய நான்கு பெண்களில் ஒருத்தி. பிறகு மூன்றாவது குடம். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் பையை நீட்டவில்லை. நல்ல மொச்சையும் கெட்ட மொச்சையும் சேர்ந்து செம்மண்ணில் கூழாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் அந்தம்மாவின் குடிசைத் தட்டிகளை மேஸ்திரி ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். ஒரு துணி மூட்டையும் அந்தப் பாட்டிலுமாக அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்துபோனார். என் அறை ஜன்னல் அந்த வழியைப் பார்த்துத்தான் இருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சட்டையை மாட்டினேன். பொத்தான் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

திங்கட்கிழமை ஒரு ஆள் ஏணியிலிருந்து விழுந்தார். கால் போயிற்று, உயிர் தப்பியது என்றார்கள். கள்ளு குடித்துவிட்டு இறங்கியிருக்கிறான் என்றார் மேஸ்திரி. நானும் நோட்டில் கள்ளு என்றே எழுதினேன். யார் என்று போய்ப் பார்க்கவில்லை. எழுதிய கையைப் பிறகு எத்தனையோ தடவை கழுவியிருக்கிறேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, பங்காருபேட்டையில் ரயிலுக்குக் காத்திருந்தேன். அந்த மேஸ்திரியை விட்டு வந்து நாளாகிவிட்டது. பிளாட்பாரத்தில் ஒருவர் வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். நெட்டையான ஆள், ஒரு காலும் ஒரு கட்டையும். பழக்கதோஷம், எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாப்பா, கடலை காஞ்சிதா? கடிச்சிப் பாத்தியா?"

அவர் பொட்டலத்தைச் சுற்றிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தம்மா சொன்ன ஒடனே நான் வரிசைய விட்டு வெளிய வந்துட்டேன் ரைட்டரே. நீ சொன்னதுக்கு சிரிச்சிக்கினேதான் திரும்பிப் போயி பைய நீட்டினேன்."